240 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேம் ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

தங்கை மகன் கல்லூரிக்கென்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கினான். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7050 டவர், ஐ5-7500 பிராசஸர், 16 ஜிபி ரேம். ஏதோ ஒரு கம்பெனி சில வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்த சரக்கு. கொடுத்த காசுக்கு நல்ல மெஷின்தான். வாங்கிய மறு வாரமே போன் வந்தது.

"மாமா, இதுல ஆர்டிஎக்ஸ் 4060 போடலாமா?"

"டேய், முதல்ல கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி. வந்த படத்தில் அது 240 வாட் என்று இருந்தது. அவன் கேட்ட கார்டு 115 வாட் இழுக்கும். அதற்கு, சிப்பைத் தயாரிக்கும் என்விடியா சொல்லும் எஸ்எம்பிஎஸ் அளவு 550 வாட். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த கார்டில் சொருகவேண்டிய 8 பின் ஒயரே அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிடையாது.

இந்தக் கேள்வியோடு வருகிற எல்லோரும் கார்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். எந்த கார்டு வேகம், எதில் எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) என்று இரண்டு நாள் வீடியோ பார்த்துவிட்டுக் கடைசியில் எஸ்எம்பிஎஸ் பக்கம் வருவார்கள். நாம் தலைகீழாகப் போவோம். முதலில் ஸ்டிக்கர், அப்புறம் ஸ்லாட், கடைசியில்தான் கார்டு.

1. ஸ்டிக்கரைப் படியுங்கள், ஆனால் பெரிய எழுத்தை நம்பாதீர்கள்

பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் லைனிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்களில் எவ்வளவு இருந்தாலும் கேமுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. எனவே ஸ்டிக்கரில் +12V என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்.

இரண்டு 12 வோல்ட் கட்டங்கள் இருந்தால் இரண்டையும் அப்படியே கூட்டிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த எண்தான் கணக்கு.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன்பு கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் ஒன்று என்னிடம் இருந்தது. முகப்பில் கொட்டை எழுத்தில் 450 வாட். அதை நம்பி செகண்ட் ஹேண்டில் ஒரு ஜிடிஎக்ஸ் 960 வாங்கிப் போட்டேன். விண்டோஸ் ஓடும், படம் ஓடும். கேம் லோடிங் முடிந்து ஆட்டம் தொடங்குகிற நொடியில் பட்டென்று மொத்தமும் அணைந்துவிடும். கார்டுதான் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பொறுமையாக ஸ்டிக்கரைத் திருப்பிக் காட்டினார்: 12 வோல்ட்டில் 14 ஆம்பியர், அதாவது 168 வாட். என் பிராசஸர் 84 வாட், கார்டு 120 வாட். மீதிக் கதையை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் மெஷின்களில் இந்த ஏமாற்று அநேகமாக இருக்காது. 240 என்று போட்டிருந்தால் 240 தரும். என் பார்வையில், பெயர் தெரியாத 450-ஐவிட ஆபீஸ் மெஷினின் 240 மேல்.

2. வீட்டு பட்ஜெட் மாதிரி ஒரு கணக்கு

அவன் மெஷினுக்குப் போட்ட கணக்கு இது. பிராசஸர் 65 வாட். மதர்போர்டும் ரேமும் சேர்த்து 25 என்று தாராளமாக வைத்தேன். ஹார்ட் டிஸ்க் 8, எஸ்எஸ்டி 3, ஃபேன்கள் 4, கீபோர்டு, மவுஸ், ஹெட்செட்டுக்கு 5. மொத்தம் 110. 240-இல் 80 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் பழக்கம், அது 192. கழித்தால் கார்டுக்கு 82 வாட் மிஞ்சுகிறது.

ஏன் 80 சதவீதம்? கிராபிக்ஸ் கார்டு சீராக மின்சாரம் இழுக்காது. பெட்டியில் எழுதியிருக்கிற வாட் சராசரிதான். சில மில்லிசெகண்ட் அதைத் தாண்டித் துள்ளி இறங்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கெபாசிட்டர்களும் புதிதாக இருந்தபோது போல அந்தத் துள்ளலைத் தாங்காது. நம்மூர் வெயிலில் மதியம் 3 மணிக்கு ஏசி இல்லாத அறையில் ஓடுகிற பெட்டி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிராசஸரின் வாட் எண்ணில் ஒரு எச்சரிக்கை. ஐ5-7500 காலத்து 65 வாட் ஏறக்குறைய உண்மையான 65. ஐ5-10400 மாதிரி பின்னால் வந்தவற்றில் 65 என்று எழுதியிருந்தாலும், போர்டு அனுமதித்தால் கொஞ்ச நேரத்துக்கு அதன் இரண்டு மடங்குவரை போகும். அப்படிப்பட்ட மெஷினில் இந்தக் கணக்கை இன்னும் இறுக்கிப் போடுங்கள்.

3. ஸ்லாட் தருவது 75 வாட், அவ்வளவுதான்

கார்டு உட்காரும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரலாம் என்பது விதி. அதில் 66 வாட் 12 வோல்ட்டில், மீதி 3.3 வோல்ட்டில். அதற்கு மேல் வேண்டும் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வரவேண்டும்: 6 பின் என்றால் இன்னொரு 75, 8 பின் என்றால் 150.

ஆபீஸ் மெஷின்களில் இந்தத் தனி ஒயர் பொதுவாக இருக்காது. ஆகவே கணக்கில் 82 மிஞ்சினாலும் நம் உச்சவரம்பு 75-தான். நமக்கான கார்டு 75 வாட்டுக்குள் இருக்கவேண்டும், தனி கனெக்டர் கேட்காததாகவும் இருக்கவேண்டும்.

எஸ்எஃப்எஃப் எனப்படும் ஒல்லியான மாடல்களில் இன்னும் கவனம் தேவை. சில பழைய மாடல்களில் ஸ்லாட்டுக்கு 75 வாட்டே கிடையாது. அதைவிடக் குறைத்து வைத்திருப்பார்கள். உங்கள் மாடல் எண்ணைப் போட்டு சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பாருங்கள், ஸ்லாட் எத்தனை வாட் தாங்கும் என்று அதில் இருக்கும்.

4. சாட்டாவிலிருந்து 6 பின் எடுக்கும் ஒயரை வாங்காதீர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் இந்த ஒயர் ஆன்லைனில் டீ வடை விலைக்குக் கிடைக்கிறது. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் கனெக்டரை 6 பின்னாக மாற்றிக் கொடுக்கும். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர். ஆக 54 வாட் தாங்கும். 6 பின் கார்டு அதனிடம் 75 வாட்வரை கேட்கலாம். கனெக்டர் சூடேறி பிளாஸ்டிக் உருகுவது இப்படித்தான்.

ஆப்டிபிளெக்ஸ் 7050 மாதிரி மெஷின்களில் இன்னொரு விஷயமும் உண்டு. அவற்றில் சாட்டா பவர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருவதில்லை. எஸ்எம்பிஎஸ் போர்டுக்கு 12 வோல்ட் தருகிறது, போர்டிலிருந்துதான் டிஸ்குக்கு ஒயர் போகிறது. அதாவது நீங்கள் கார்டுக்குத் திருப்பிவிடும் மின்சாரம் மதர்போர்டின் மெல்லிய செம்புத் தடங்கள் வழியாக ஓடவேண்டும். ஒரு டிஸ்குக்கு என்று போட்ட தடம் அது. கேம் ஆட ஆசைப்பட்டு மதர்போர்டைப் பறிகொடுக்கும் வேலை.

5. இப்போது கார்டு

75 வாட்டுக்குள் என்றதும் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். நல்லதுதான், குழப்பம் குறைவு.

புதிதாக வாங்க காசு இருந்தால் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்தது. 70 வாட், 2304 கூடா கோர்கள் (படத்தைக் கணக்கிடும் சின்னச் சின்ன அலகுகள்), தனி ஒயர் வேண்டாம். ஸ்லாட் மின்சாரத்தில் மட்டும் ஓடும் சாதாரண கேமிங் கார்டுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன். டிஎல்எஸ்எஸ் (சின்னப் படமாக வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் வசதி) உண்டு, 1080பி-யில் மீடியம் செட்டிங்கில் பல கேம்கள் நன்றாக ஓடும். ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போல் கணக்கிடுவது) செய்யும், ஆனால் அதை ஆன் செய்து ஆடுகிற அளவுக்கு இதில் தெம்பு இல்லை.

இங்கேதான் பெயர்க் குழப்பம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது. அது 2 ஜிபி மெமரி கூடுதலாக உள்ள அதே கார்டு அல்ல, வேறு கார்டு: 2560 கோர்கள், அகலமான மெமரி பாதை, 130 வாட், தனி பவர் கனெக்டர். கடையில் "3050 இருக்கா" என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். "6 ஜிபி, பவர் கனெக்டர் இல்லாதது" என்று சொல்லிக் கேளுங்கள். பெட்டியைத் திறந்து கார்டின் மேல் விளிம்பைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1650 நல்ல தேர்வு. 2019-இல் வந்தது, 75 வாட், 4 ஜிபி. இதிலும் அதே வம்பு. மெமரியைப் பொறுத்து முதலில் ஜிடிடிஆர்5, 2020-இல் ஜிடிடிஆர்6 என்று இரண்டு ரகம். இரண்டாவதில் மெமரி வேகம் நொடிக்கு 128 ஜிபியிலிருந்து 192 ஜிபியாகக் கூடியது. கிடைத்தால் அதையே எடுங்கள். ஆனால் இரண்டு ரகத்திலும் 6 பின் வைத்த மாடல்கள் ஏராளம். படத்தில் மேல் விளிம்பு தெரியாவிட்டால் விற்பவரிடம் இன்னொரு படம் கேளுங்கள்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2016-இல் வந்த கிழவன். 75 வாட், 4 ஜிபி. வாலரண்ட் கேமுக்கு 144 எஃப்பிஎஸ் வேண்டும் என்றால் அதன் தயாரிப்பாளர் சொல்லும் கார்டு இதுதான். ஜிடிஏ 5-ம் சுகமாக ஓடும். ஆனால் இந்தத் தலைமுறைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். பழைய கேம்களும் ஆன்லைன் கேம்களும் போதும் என்பவர்கள், மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாம். 2022-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1630 எண்ணிலும் வருடத்திலும் புதிது. வேகத்தில் பெரும்பாலும் இந்தக் கிழவனுக்குப் பின்னால்தான் நிற்கும். தவிர்த்துவிடுங்கள்.

ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6400, வெறும் 53 வாட். 180 வாட் எஸ்எம்பிஎஸ் உள்ள ஒல்லி மெஷின்களுக்கு ஆசை காட்டும். ஆனால் இது போர்டோடு நான்கு லேன்களில் (தரவு ஓடும் தடங்கள்) மட்டும் பேசும் கார்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் பரவாயில்லை. நம் பழைய ஆபீஸ் மெஷின்கள் எல்லாம் 3.0, அங்கே அந்தப் பாதை பாதியாகச் சுருங்கும். மெமரியும் 4 ஜிபிதான். அது நிரம்பி வழியும்போது கார்டு ரேமிடம் ஓடவேண்டும், பாதையோ ஒற்றையடிப் பாதை. ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். போதாக்குறைக்கு வீடியோ என்கோடரும் இல்லை, எனவே ஆடுவதைப் பதிவு செய்து யூடியூபில் போட நினைப்பவர்களுக்கு ஆகாது.

இன்டெல் ஆர்க் ஏ380 தாளில் அழகாக இருக்கும்: 75 வாட், 6 ஜிபி. ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகுவது) என்ற வசதி போர்டில் இல்லாவிட்டால் வேகம் வெகுவாக விழும். இன்டெல் அதற்குக் கேட்பது பத்தாம் தலைமுறை பிராசஸரும் அதற்கு மேலும். ஐ5-7500 மாதிரி ஏழாம் தலைமுறை மெஷினில் இதைப் போடுவது காசுக்குக் கேடு. பல மாடல்களில் தனி பவர் கனெக்டரும் இருக்கிறது.

ஜிடி 1030 பற்றி ஒரே ஒரு விஷயம். 30 வாட் ஜிடிடிஆர்5 ரகம் சின்ன கேம்களுக்கு ஓகே. அதே பெயரில் 2018-இல் வந்த டிடிஆர்4 ரகத்தின் மெமரி வேகம் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெட்டியில் டிடிஆர்4 என்று பார்த்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

ஒல்லி கேபினெட்காரர்கள் அதிகம் கவனிக்காத ஒரு பக்கம் உண்டு: வொர்க்ஸ்டேஷன் கார்டுகள். என்விடியாவின் டி600 (T600) 40 வாட், டி1000 (T1000) 50 வாட். இரண்டும் ஒற்றை ஸ்லாட் தடிமன், லோ-ப்ரொஃபைல் (குட்டை உயரம்). டி1000-இல் 1650-க்கு இருக்கும் அதே 896 கோர்கள். ஆர்டிஎக்ஸ் ஏ2000 என்றால் 70 வாட்டில் 3328 கோர்கள். விலை கட்டினால் ராஜா. இவை டிசைன், கட்டடக்கலை ஆபீஸ்களிலிருந்து கழிந்து செகண்ட் ஹேண்டில் வரும். மினி டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும், கன்வெர்ட்டருக்கு ஒரு சின்னத் தொகை எடுத்து வையுங்கள்.

அவனுக்கு நான் சொன்னது 3050, 6 ஜிபி. 4060 ஆசை முகத்தில் இரண்டு நாள் இருந்தது, அப்புறம் போய்விட்டது.

6. டேப் எடுத்து அளங்கள்

மூன்று அளவு: கார்டின் நீளம், தடிமன், உயரம். டவரில் நீளத்துக்குக் குறுக்கே ஹார்ட் டிஸ்க் கூண்டு வரும். ஒல்லி கேபினெட்டில் உயரம்தான் தடை. லோ-ப்ரொஃபைல் கார்டு வேண்டும், பெட்டிக்குள் குட்டை பிராக்கெட் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். செகண்ட் ஹேண்டில் அந்தத் தகடு முதலில் தொலைந்திருக்கும். சில ஒல்லி மாடல்களில் முக்கிய ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே இருக்கும்; இரட்டை ஸ்லாட் தடிமன் உள்ள கார்டு உள்ளே போகாது. சில போர்டுகளில் ஒரே நீளத்தில் இரண்டு ஸ்லாட் இருந்தாலும் ஒன்றில் நான்கு லேன்கள்தான் உயிரோடு இருக்கும். மேனுவலில் 16 லேன் என்று சொல்லும் ஸ்லாட்டில் போடுங்கள்.

அப்புறம் மானிட்டர். வீட்டில் இருப்பது நீலநிற விஜிஏ ஒயர் உள்ள பழைய மானிட்டரா? புதிய கார்டுகளில் விஜிஏ கிடையாது. எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வாக மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும், உள்ளே சிப் உள்ளதாக. வெறும் ஒயராக விற்பது வேலை செய்யாது.

7. எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிட்டால்?

அடுத்த கேள்வி இதுதான் வரும். சொந்தமாக அசெம்பிள் செய்த, சாதாரண 24 பின் போர்டு உள்ள மெஷின் என்றால் தாராளமாக மாற்றுங்கள். நல்ல பிராண்டில் 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கனத் தரத்தில் ஒரு 550 வாட் போட்டால் ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாம் கைக்கு எட்டும்.

ஆபீஸ் மெஷின்களில் இது அவ்வளவு எளிதில்லை. டெல், எச்பி போர்டுகளில் பல மாடல்களில் 24 பின் இருக்காது. 6 பின் அல்லது 8 பின்னில் அவர்களுடைய சொந்த ஏற்பாடு. மாற்று ஒயர் கிடைக்கிறது, ஆனால் உங்கள் மாடலுக்கானதுதானா என்று உறுதி செய்யாமல் சொருகினால் போர்டு போய்விடும். ஒல்லி கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமே வேறு, கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் அளவு எஸ்எம்பிஎஸ் உள்ளே போகாது. என்னைக் கேட்டால், எஸ்எம்பிஎஸ், மாற்று ஒயர், பெரிய கார்டு என்று மூன்றையும் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகை மெஷின் விலையைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுவேன். நான்கு கோர் ஐ5 எப்படியும் அந்தப் பெரிய கார்டுக்கு ஈடு கொடுக்காது.

8. செகண்ட் ஹேண்ட் என்றால்

ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன சாஃப்ட்வேரை பென் டிரைவில் எடுத்துப் போங்கள். பழைய கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை சாஃப்ட்வேரை) மாற்றி 1050 டிஐ என்று பெயர் காட்டும் போலிகள் உண்டு. பலவற்றை அது கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஒரு கேமை 20 நிமிடம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். ஸ்க்ரூவின் மேலுள்ள ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தப்பில்லை, விலையில் பேசலாம்.

9. மாட்டி, ஓட்டிப் பார்ப்பது

மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு கார்டைக் கையில் எடுங்கள். ஸ்லாட்டில் கிளிக் என்று உட்காரும்வரை அழுத்தி ஸ்க்ரூ போடுங்கள்.

அவன் மாட்டி முடித்த அன்று இரவு மறுபடி போன். "மாமா, கார்டு வேஸ்ட். முன்ன மாதிரியேதான் ஓடுது." வீடியோ காலில் பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். மானிட்டர் ஒயர் பழைய இடத்திலேயே, மதர்போர்டில் சொருகியிருந்தது. கீழே கார்டில் உள்ள எச்டிஎம்ஐ-க்கு மாற்றச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு ஒரு மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் கிடைத்தால் நல்லது. அவன் மெஷின் கேமின்போது 160 வாட்டை ஒட்டியே காட்டியது. பிராசஸர் எல்லா நேரமும் முழு 65-ஐ இழுப்பதில்லை, அதனால்தான் கணக்கைவிடக் குறைவு. ஆட்டத்தின் நடுவே பட்டென்று அணைந்தாலோ தானே ரீஸ்டார்ட் ஆனாலோ எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். படம் மட்டும் உறைந்து சிதறினால் முதலில் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

விளிம்பில் ஓடுகிற மெஷினுக்கு இரண்டு கைவைத்தியம். கேமிலோ டிரைவரிலோ 60 எஃப்பிஎஸ் என்று வரம்பு போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதற்கு மேல் ஓடுவது வீண் மின்சாரம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் கார்டின் பவர் லிமிட்டை 90 சதவீதத்துக்கு இறக்குங்கள். சூடு குறைவது தெரியும், வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியாது.

யுபிஎஸ் இருந்தால் அதையும் ஒரு தடவை கணக்கில் சேருங்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட் தாங்கும். மெஷினும் மானிட்டரும் சேர்ந்து 200-க்குள் என்பதால் பாரம் பிரச்சினையில்லை. ஆனால் இரண்டு வருடம் ஓடிய பேட்டரி என்றால் கரண்ட் போனதும் கேமைச் சேவ் செய்ய நேரம் தருமா என்று ஒருநாள் சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். ஆன்லைன் மேட்ச் நடுவில் வேண்டாம்.